பரம்பரை இல்லை, மணியண்ணே

மணியண்ணன் போய்விட்டார். இன்று காலை... வாய்ப்புற்று.

சிங்கப்பூரில் தோ பாயோ பக்கம் லிஃப்ட் ரிப்பேர் வேலையில் அவரும் நானும் ஒரே டீம். இடது கன்னத்தில் எப்போதும் பாக்கு. கண்ட இடத்தில் துப்பினால் ஃபைன் என்பதால் கையோடு ஒரு காலி பால் டின்.

வாக்கிடாக்கியில் அவர் பேசினால் மேல் மாடியில் நிற்கிற எனக்கு ஒரு மண்ணும் புரியாது. "துப்பிட்டுப் பேசுங்கண்ணே!" என்று கத்துவேன். "மொதல்ல நீ காதக் கழுவுலா" என்பார்.

போன வருடம் அதே கன்னத்தில் ஆறாத புண். பயாப்சி எடுத்தார்கள். புற்று என்று சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டார். கூடவே டாக்டர் சொன்ன "ஜீன் மியூட்டேஷன்"தான் மனுஷனை ஆட்டிவிட்டது.

மகள் கவிதாவுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை வீடு செங்காங். ஜீன் என்றால் பரம்பரை, மகளுக்கும் போகும் என்று இவராகவே முடிவு கட்டிவிட்டார்.

யாரையும் கேட்கவில்லை. நேராகச் சம்பந்திக்கு ஃபோன் போட்டு, "எங்க ரத்தத்துலயே கோளாறு இருக்கு. நல்லா யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார்.

கவிதா அழுது தீர்த்தாள். எனக்கும் கோபம்தான். மறைத்துக் கட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை, என்ன செய்ய...

சம்பந்தி நிதானமான ஆள். "டாக்டர்கிட்டயே கேட்டுருவோம்" என்று அடுத்த அப்பாயிண்ட்மென்டுக்குத் தானே வந்துவிட்டார். நானும் போனேன்.

டாக்டர் தமிழ்ப் பெண். "அங்கிள், இது பொறக்கும்போதே வந்ததில்ல. செல் கண்டபடி வளராம பிரேக் போடுற ஜீன் ஒண்ணு இருக்கு, TP53-ன்னு பேரு. வருஷக்கணக்கா பாக்குப் போட்டதுல உங்க கன்னத்து செல்லுல அது கெட்டுப்போச்சு. பிளட்லயும் பாத்துட்டோம், அங்க அந்த மாற்றம் இல்ல. அதனால பொண்ணுக்குப் போகாது."

மணியண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப எல்லாம் நான் போட்ட பாக்குதான்?"

"ஆமா அங்கிள்."

"என் தப்புதான் சம்பந்தி! என் தப்புதான்லா!" அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தன் தப்பு என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறக்கும். பார்க்கப் போகிறவர்களிடமெல்லாம் அந்த இடுக்கு வழியாக முதலில் சொல்வது, "பரம்பரை இல்ல, தெரியும்ல?" அது மட்டும் எனக்கு ஒவ்வொரு தடவையும் தெளிவாகப் புரிந்தது.

மதியம் வாய்க்கரிசி போடும்போது கவிதா அரிசியை உதட்டின் மேலேயே வைத்தாள். அப்புறம் என் பக்கத்தில் வந்து நின்று, "நேத்து நர்ஸ்கிட்டயும் அதையேதான் சொன்னாரு சித்தப்பா" என்றாள். எனக்குத் தாங்கவில்லை.

உங்களோட முடிஞ்சுதுண்ணே. நிம்மதியாப் போங்க.