படம் பார்த்து வந்த சாட்சி

அறுபதுகளின் தொடக்கத்தில், கிளிநொச்சியில் கூடாரம் அடித்துப் படம் காட்ட வந்தவர்களால் எனக்கு வந்த வினை இது. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு எட்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த குடும்பம் எங்களுடையது.

ஒரு ஞாயிறு பின்னேரம் அப்பா எங்களை மாட்டுவண்டியில் படத்துக்குக் கூட்டிப் போனார். படத்தில் ஓர் அக்காவும் தம்பியும் தற்செயலாக ஒரு நகைத் திருட்டைக் கண்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் ஒருவரும் நம்பவில்லை. கடைசியில் பொலிஸ்காரர் கள்ளனுக்கு விலங்கு மாட்டிவிட்டு, பிள்ளைகள் இருவரையும் தோளில் தூக்கியபோது கூடாரமே விசிலடித்தது. என்னையே தூக்கியது போல இருந்தது எனக்கு. மறுநாளிலிருந்து நானும் தம்பியும் பள்ளிக்கூடப் பாடத்தை விட்டுவிட்டுக் கள்ளனைத் தேடத் தொடங்கினோம்.

ஊரிலும் கள்ளர் பயம் இருந்தது. மாட்டைக் கொட்டிலில் கட்டி வைத்தே பழகிய எங்கள் ஆட்கள், இங்கே வந்த பிறகுதான் அதைக் காட்டில் மேயவிடவும், அடையாளத்துக்குத் தொடையில் பெயரின் எழுத்தைச் சுடவும் பழகினார்கள். களவெடுப்பவன் அந்த எழுத்தின்மேல் வேறொன்றைச் சுட்டு அழித்துவிடுவான் என்பார்கள். அந்த மாதம் மட்டும் இரண்டு பசுக்கள் காணாமல் போயிருந்தன.

அடுத்த சனிக்கிழமை காலை விறகு பொறுக்கப் போனோம். வாய்க்காலுக்கு அப்பால் ஒரு பற்றைப் புதருக்குப் பின்னால் புகை தெரிந்தது. எட்டிப் பார்த்தால், பக்கத்துக் காணிக்காரரின் சிவப்புப் பசுவை மரத்தில் கட்டிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவர் பழுக்கக் காய்ச்சிய கம்பியோடு நின்றார். பசு கதறியது.

வேறென்ன வேண்டும்? "மாட்டுக் கள்ளன்! எழுத்தை அழிக்கிறான்!" என்று கத்திக்கொண்டு வயலுக்கு ஓடினோம். ஓடுகிற ஓட்டத்திலேயே கதைக்குக் கண், காது, மூக்கு எல்லாம் வைத்துவிட்டேன். அந்த மனிதர் திருட்டு முழி முழித்தார் என்றேன், இடுப்பில் கத்தி இருந்தது என்றேன். எல்லாம் படத்துக் கள்ளனிடம் கண்டவை.

அப்பாவும் பசுவின் சொந்தக்காரரும் இன்னும் ஏழெட்டுப் பேரும் தடியோடு பாய்ந்தார்கள். அந்த மனிதர் ஓடவில்லை. சொந்தக்காரர் அவர் கைகளைக் கயிற்றால் கட்டினார். இன்னொருவர் அறைந்த அறையில் வாயோரம் இரத்தம் வந்தது.

"ஆர் உன்னை இஞ்சை வரச்சொன்னது?"

"மாட்டுக்கு வைத்தியம் பாக்க வந்தனான். ஆர் கூப்பிட்டதெண்டு மட்டும் கேளாதேங்கோ."

அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. பொலிசுக்குக் கொண்டுபோவோம் என்றார்கள் சிலர். அதுவரைக்கும் ஏன், இங்கேயே கையைக் காலை முறிப்போம் என்றார்கள் மற்றவர்கள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, எழுத்தை அழிச்சதை நீ கண்ணாலை கண்டனியோ?"

எல்லார் முகமும் என்மேல். படத்தில் இந்த இடத்தில்தான் வாத்தியங்கள் முழங்கின. 'ஓம்' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போது பசு மெல்ல உடம்பைத் திருப்பியது. தொடையில் எழுத்து அப்படியே இருந்தது. புதுச் சூடு தோளில். மனிதரையே முறைத்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவர்கூட மாட்டைப் பார்க்கவில்லை. நான் பற்றைக்கு இப்பால் நின்று கண்டதும் கம்பியையும் புகையையும்தான்.

சொன்னால் ஊரே என்னைப் பொய்க்காரி என்னும். அப்பாவுக்குத் தலைகுனிவு. ஆனால் அந்த மனிதரின் வாயோரத்து இரத்தம் என் கண்ணை விட்டுப் போகவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இல்லை அப்பா. நான் காணேல்லை. கத்தி எண்டதும் பொய். எழுத்து அப்பிடியே கிடக்குது, பாருங்கோ. அவர் தோளிலைதான் சுட்டவர்."

எல்லோரும் அப்போதுதான் மாட்டைப் பார்த்தார்கள். வாய்க்கால் ஓரத்து மருத மரத்தின் பின்னாலிருந்து ஒரு பெண் எண்ணெய்ப் போத்தலோடு வந்தார். பசுவின் சொந்தக்காரருடைய மனைவி. சூட்டுக்குப் பூச எண்ணெய் எடுத்துவர வீட்டுக்குப் போனவர், திரும்பி வரும்போது கூட்டத்தைக் கண்டு பயந்து மரத்தின் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

"நான்தான் இவரை வரச்சொன்னனான்," என்றார் கணவரிடம். "நாலு நாளா மாடு தோள் வீங்கி நொண்டுது. சூடு வைக்கவே விடமாட்டன், அரசாங்க வைத்தியர் வரட்டும் எண்டு நீங்கள் நிண்டீங்கள். என்ரை பேரைச் சொல்லாதேங்கோ எண்டு இவரைக் கேட்டதும் நான்தான். இந்தச் சின்னப் பிள்ளை உண்மையைச் சொன்ன பிறகும் நான் ஒளிச்சு நிண்டால் நானும் ஒரு மனிசியே?"

அடி வாங்கிய அந்த மனிதர் காட்டோரத்துப் பழைய ஊரின் மாட்டு வைத்தியர். வீக்கத்துக்குச் சூடு வைப்பது அந்த ஊர்களில் வழக்கமாம். குடியேற வந்த எங்களுக்கு அது எங்கே தெரியும்? ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்காக அவர் அடியை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். சொந்தக்காரர் கயிற்றை அவிழ்த்து, "குறை நினையாதேங்கோ அண்ணை," என்றார். வைத்தியர் வாயைத் துடைத்துக்கொண்டு, "அது கிடக்கட்டும். எண்ணெயைத் தாங்கோ, மாடு எரிச்சலிலை நிக்குது," என்றார்.

அப்பா என்னை அடிக்கவில்லை. வீடு வரும்வரை என் கையை விடவும் இல்லை. சூட்டினாலோ தானாகவோ, அடுத்த கிழமை பசு மேய்ச்சலுக்குப் போனது.

கூடாரத்தில் அடுத்த படம் வந்தபோது வைத்தியரும் வீட்டாரோடு வந்திருந்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவரோ பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

"வாங்கோ சாட்சியம்மா. இண்டைக்கு ஆர் கள்ளன் எண்டு வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெட்கம் தின்றாலும் நானும் சிரித்துவிட்டேன். படம் முடியும்வரை அவர் பக்கத்திலேயே இருந்தேன்.

இன்று எனக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் யாரைப் பற்றியாவது ஒரு குற்றம் நாக்கு நுனிக்கு வரும்போதெல்லாம், 'முதலில் மாட்டின் தொடையைப் பார்த்தாயா?' என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். பாதி நாள் வாயை மூடிக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது.