டி.என்.ஏ. பத்தியும் மாடித் துணியும்

காளவாசலில் ஒரு பயிற்சி மையத்தில், அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தர்க்கத் திறன் பாடம் எடுக்கிறேன். சின்னதாக ஒரு பத்தி கொடுப்போம். கீழே சில கூற்றுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் சரி, தவறு, பத்தியை வைத்துச் சொல்ல முடியாது என்ற மூன்றில் ஒன்றை எழுத வேண்டும். இதில் நான் மகா கறார். தனக்குத் தெரிந்த ஊர்க்கதையை எல்லாம் உள்ளே இழுத்துவந்து விடை எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பத்திக்கு வெளியே போகாதீர்கள் என்று ஒரு வகுப்பில் பத்துத் தடவையாவது கத்திவிடுவேன்.

அன்று சனிக்கிழமை, டி.என்.ஏ. பத்தி. ஆறு வருடமாக அதே தாளைத்தான் நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மொத்தமே நான்கு வரி. ஒவ்வொரு மரபணுவிலும் பிள்ளைக்குத் தாயிடமிருந்து ஒரு நகல், தந்தையிடமிருந்து ஒரு நகல் வருகிறது. சில குறைகள் இரண்டு நகலும் பழுதாக இருந்தால்தான் வெளியே தெரியும். ஒரு நகல் மட்டும் பழுதானவருக்கு எந்தக் குறையும் தெரியாது. நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் செய்தவர்கள் இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

மூன்றாவது கூற்று, இத்தகைய குறைக்குத் தாய் மட்டுமே காரணம் என்பது. தவறு என்று பலகையில் எழுதினேன். கடைசி வரிசையில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் எழுந்தாள். அவளுடைய அக்கா மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காதாம். கிரகணத்தில் வெளியே போனதால்தான் என்று வீட்டில் அக்காவையே சொல்கிறார்களாம்.

"அப்ப அவுக சொல்றது தப்புங்களா மேடம்?"

பழக்கதோஷத்தில், பத்திக்கு வெளியே போகாதீர்கள் என்றேன். அவள் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள். நான் பலகையைத் துடைக்கத் திரும்பினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

என் தம்பிக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. என் அம்மா கட்டிக்கொண்டது தன் சொந்தத் தாய்மாமனை. தம்பி வயிற்றிலிருந்தபோது, கிரகண நேரத்தில் மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனதால்தான் அவனுக்கு இப்படி ஆயிற்று என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. கல்யாணம், காதுகுத்து என்று சொந்தங்கள் கூடும் இடத்திலெல்லாம் யாராவது ஒருத்தி அதைச் சொல்லி உச்சுக்கொட்டுவாள். அம்மா தலையைக் குனிந்துகொள்வாள்.

ஆறு வருடம். இந்தக் கூற்றுக்குத் தவறு என்று எழுதிய எத்தனை பேருக்கு மதிப்பெண் போட்டிருப்பேன்! ஒரு தடவைகூட அது என் வீட்டைப் பற்றியது என்று எனக்கு உறைக்கவில்லை. மீதி வகுப்பில் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை.

நாகமலை புதுக்கோட்டை பஸ்ஸில் வேறொன்றும் நினைவுக்கு வந்து உட்கார விடாமல் செய்தது. ப்ளஸ் டூ படிக்கும்போது கொடைக்கானல் சுற்றுலா. தம்பிக்குக் காய்ச்சல், அம்மா வேலைக்குப் போக வேண்டும், நான்தான் அவனோடு இருக்க வேண்டும் என்றார்கள். ஆத்திரத்தில் அம்மாவிடம் கத்தினேன். அன்னைக்கு நீ மாடிக்குப் போகாம இருந்திருந்தா எனக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். அம்மா சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அம்மாவும் தம்பியும் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் இருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அங்கே போனேன். தம்பி அவனியாபுரம் லேத் பட்டறையிலிருந்து இன்னும் வரவில்லை. அம்மா மாவாட்ட உளுந்து களைந்துகொண்டிருந்தாள். நின்றபடியே தாளை எடுத்து வாசித்தேன். அந்த அவசரத்திலும் கறார் விடவில்லை. தம்பியின் குறை இந்த வகைதான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் கிரகணத்தைக் காரணம் சொல்ல இதில் ஒரு வரியும் இல்லை, இந்த வகை என்றால் அப்பாவுக்கும் சரிபாதி உண்டு என்றேன்.

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையை உதறிவிட்டு, "இதத்தான் அன்னைக்கே டாக்டரம்மா சொன்னாகளே" என்றாள்.

தம்பிக்கு இரண்டு வயதில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சொந்தத்தில் கட்டியதால் இருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருக்கலாம் என்றுதான் சொன்னார், ஆமாம் என்று சொல்லவில்லை என்று அம்மா எனக்கே திருத்தம் சொன்னாள்.

"அப்ப மாடிக்குப் போனது?"

"எங்க போனேன்? கிரகணம் விடுற மட்டும் கதவச் சாத்திட்டுப் படுத்துல்ல கெடந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா உளுந்தை விரலால் கிளறியபடி பேசினாள்.

"வெளிய வந்தா பெஞ்சுல அம்புட்டுச் சொந்தமும் உக்காந்திருக்கு. ரத்தத்துல கோளாறுன்னு சொன்னா உன்னய எவன் கட்டுவான்? உனக்கும் அதே ரத்தந்தான? கிரகணம்னா என்னோட போச்சு."

அப்போது எனக்கு நான்கு வயது. டாக்டரின் ஒரே வாக்கியத்திலிருந்து என் கல்யாணம் வரைக்கும் அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே அம்மா கணக்குப் போட்டு முடித்திருக்கிறாள். தர்க்கம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். அப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"பக்கத்துலதான நின்னாரு."

பக்கத்தில் நின்ற அந்த மனிதர், சாகிறவரைக்கும் ஒரு விசேஷ வீட்டில்கூட வாயைத் திறந்ததில்லை. செத்துப்போனவர் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பிறகு என் வாயும் ஞாபகம் வந்தது. கொடைக்கானலுக்காக நான் கத்திய அன்றைக்காவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"வாய் வரைக்கும் வந்துச்சு. உனக்கு மாப்ள பாக்கணுமேன்னு முழுங்கிட்டேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா உளுந்தைக் கிரைண்டரில் போட்டாள்.