மூன்று மாதங்கள் கடந்தன

தஞ்சாவூரில் ஒரு சிறிய பதிப்பகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். முதலில் ப்ரூஃப், பிறகு எடிட்டிங். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு கதைதான். அதில் குற்றவாளி நானே.

1. வாங்கிக் கட்டிக்கொண்டது

"சரஸ்வதி, இந்தப் பொண்ணோட மூணாவது புத்தகம் வேணாம். விட்டுரும்மா" என்றார் முதலாளி. அவர் போனில் வாசகர் கருத்துகள் வரிசையாக நின்றன.

அந்தப் பொண்ணு இளவரசி. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி டீச்சர். 'கருநீர்' என்று மூன்று பாகங்களில் ஒரு இருண்ட மாயக்கதை எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு தொடங்கும் இடத்தில் இருளன் என்றொரு பேய் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தண்ணீர் வேண்டுமென்றால் ஊர்கள் அதற்கு ஆள் கொடுக்க வேண்டும். செவ்வந்தி என்ற பெண் அதை எதிர்த்துக் கிளம்புகிறாள். முதல் பாகத்தை ஜனங்கள் கொண்டாடினார்கள். நடுப் பாகம் வந்ததும் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

'ஒரே இருட்டு, படிக்க முடியல' என்று ஒருவர். 'பேய்க்கதையில பயமே இல்ல' என்று அடுத்தவர். 'செவ்வந்தி எதுக்கெடுத்தாலும் அழறா.' 'முதல் பாகத்தை எழுதினது வேற ஆளா?' இந்தக் கடைசிக் கருத்தைப் படித்துவிட்டு இளவரசி எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, எனக்கு எழுத வரல போலருக்கு. மூணாவதைப் பாதியிலயே நிறுத்திடுறேன்."

எனக்கு வாசகர்கள் மேல்தான் கோபம் வந்தது. நல்லதைக் கொடுத்தால் படிக்கத் தெரியவில்லையே என்று பொருமினேன். முதலாளியிடம் ஒரு மாதம் டைம் கேட்டேன்.

"எதுக்கும்மா?"

"திட்டுனவங்களை நேர்ல பாக்கணும்."

"உனக்கு வேற வேலை இல்லையா?"

இல்லை என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

2. எந்தப் பக்கம்?

'நல்லா இல்ல' என்பதை வைத்துக்கொண்டு ஒரு எடிட்டர் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பக்கத்தில் சலித்தது என்று கேட்க வேண்டும். கருத்தை மாற்றிச் சொல்லலாம். புத்தகத்தை மூடி வைத்த பக்கம் மாறாது.

எங்களைத் திட்டியவர்களில் பலர் இருந்த ஒரு வாசகர் வட்டம் மன்னார்குடியில் ஞாயிறு காலைகளில் கூடும். இளவரசியையும் இழுத்துக்கொண்டு போனேன். யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று பஸ்ஸிலேயே அவளிடம் சத்தியம் வாங்கிவிட்டேன். அங்கே ஒவ்வொருவரிடமும் பக்க எண் கேட்டு நோட்டில் குறித்தேன்.

கூத்தாநல்லூரிலிருந்து வந்திருந்த ஜமீலா, "நூத்தி எண்பத்தஞ்சோட மூடி வெச்சுட்டேன் மேடம்" என்றார். ஒரே இருட்டு என்று எழுதியவர் நூற்றி எண்பத்து நான்கு என்றார். பயமே இல்லை என்றவரும் அதைத்தான் சொன்னார். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

குத்தகைக்கு நிலம் எடுத்துச் சாகுபடி செய்யும் தங்கராசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு நூற்றி எண்பத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தார். "'மூன்று மாதங்கள் கடந்தன.' இப்படிப் போட்ருக்கு. பதினோரு ஊருக்குத் தண்ணி இல்ல. மூணு மாசம் எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தாங்களா? எங்க ஊர்ல மூணு நாள் தண்ணி முறை தப்புனாலே மடைக்கு மடை ஆள் கம்போட நிப்பாங்க. டீச்சருக்குத் தெரியாதா இது?"

இளவரசி தலையைக் குனிந்துகொண்டாள். சத்தியத்தைக் காப்பாற்றினாள். நான் எழுந்தேன்.

"அந்த வரி டீச்சர் எழுதுனது இல்லைங்க. நான் எழுதுனது."

சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அந்த இடத்தில் இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு அத்தியாயம் இருந்தது. யார் முதலில் பாய்ச்சுவது என்று இரண்டு ஊர்கள் மடையில் அடித்துக்கொள்கின்றன. கடைசியில் செவ்வந்தியின் சொந்த ஊரே பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தியின் பெயரை இருளனிடம் சொல்லித் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. மடைச் சண்டை வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, நம் ஜனங்களை இவ்வளவு மோசமாகக் காட்ட வேண்டாம் என்று நினைத்து மொத்தத்தையும் வெட்டினேன். ஓட்டையை மூன்றே வார்த்தையால் அடைத்தேன்.

ஜமீலா என்னையே பார்த்தார். "பேய் அந்தப் பொண்ணைக் கேக்கல, ஊர்க்காரங்களே பேரைச் சொன்னாங்களா? அதுக்கா செவ்வந்தி அழறா?"

"ஆமாங்க."

"அதைப் போய் வெட்டுனீங்களே மேடம்!"

திரும்பும் பஸ்ஸில் இளவரசியிடம் கேட்டேன். "இத்தனை திட்டு வாங்குனியே, நான் வெட்டுனதுன்னு ஒரு ஆள்கிட்டயாவது சொன்னியா?"

"இத்தனை வருஷமா பாக்குறவங்க வெட்டுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்க்கா. எனக்குத்தான் எழுத வரலன்னு நம்பிட்டேன்."

அன்று நான் அழுதேன். நீடாமங்கலம் தாண்டும் வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

3. முதலாளி மேசை

மறுநாள் காலை முதலாளி வருவதற்கு முன்பே அவர் அறையில் உட்கார்ந்திருந்தேன். வெட்டிய பக்கங்களைச் சேர்த்து மறுபதிப்பு போட வேண்டும், வெட்டியது நான்தான் என்று முன்னுரையில் என் பெயரோடு எழுதுவேன் என்றேன்.

"பதிப்பகத்துக்கு அசிங்கம்மா."

"பேர் என்னோடதுதானே. அசிங்கம் என்னோடயே போவட்டும்."

இரண்டு நாள் முறைத்தார். மூன்றாம் நாள் சரி என்றார். ஆனால் மூன்றாம் பாகத்துக்குப் 'பாப்போம்' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. அதுவரை இளவரசியும் பேனாவைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். புதிய பதிப்பு வந்ததும், எங்களைத் திட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதியை நானே கட்டி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்துத் தங்கராசு கூப்பிட்டார். குரலைக் கேட்டதும் போனை ஸ்பீக்கரில் போட்டு முதலாளி மேசையில் வைத்தேன்.

"அம்மா, அந்தப் பொண்ணு பேரைச் சொன்னவன் எங்க ஊர் ஆள் மாதிரியே இருக்கான். ஏன், நான்கூட சொல்லிருப்பேனோன்னு இருக்கு. ரெண்டு நாளா சோறு எறங்கல. செவ்வந்தி என்னதான் பண்ணப்போறா? மூணாவது எப்ப வரும்?"

நான் போனை முதலாளி பக்கம் நகர்த்தினேன். முதலாளி என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"தை பொறந்ததும் வந்துரும்ங்க" என்றார்.

இளவரசியிடம் இதைச் சொன்னபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "நீங்கதான்க்கா எடிட் பண்ணணும். ஆனா வெட்டுற எடத்துல ஏன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

மூன்றாம் பாகத்தில் ஐந்து இடங்களில் வெட்டினேன். ஐந்துக்கும் ஓரத்தில் பென்சிலில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டை அவள் ரப்பரால் அழித்துவிட்டுத் திருப்பி அனுப்பினாள். அந்த இரண்டு இடங்களும் அவள் எழுதியபடியே அச்சுக்குப் போயின.