ஆனியில் பேசி ஆவணியில் எடுத்த வண்டி

பழைய பிக்கப் வண்டி வாங்கப் போகிறேன் என்று யாராவது என் எதிரில் சொன்னால் இப்போதெல்லாம் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். அங்கேயே உட்கார்ந்திருந்தால் என் வாய் சும்மா இருக்காது. கேட்டவர்களும் பாவம், ஒரு வார்த்தை யோசனை கேட்டதற்கு ஒரு மணி நேரம் திட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் பிறந்த ஊர் கல்வராயன் மலை. வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இன்னும் நாலு கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும். கட்டிக்கொடுத்தது கள்ளக்குறிச்சியில். வீட்டுக்காரர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். போர் மோட்டார் எரிந்துபோனால் சுற்றுவட்டாரத்தில் அவரிடம்தான் வருவார்கள். நான் வீட்டில் தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அப்பா போன பிறகு அம்மா மட்டும் மலையில் தனியாக இருந்தாள். எங்களோடு வந்துவிடு என்று வருஷம் தவறாமல் கூப்பிடுவேன். என் வூடு இருக்குது, ஆடு இருக்குது, மருமவன் வூட்ல போய் குந்திக்கினு சோறு துன்றதுக்கா நான் இருக்கேன் என்பாள். அதற்கு மேல் பேசினால் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு வாயை மூடிவிடுவாள்.

அந்த வீட்டின் லட்சணம் எனக்குத்தான் தெரியும். மண் சுவர், மேலே மலைப்புல் வேய்ந்த கூரை. புல் மாற்ற ஆள் கிடைப்பதில்லை. வண்டி வாங்குவதற்கு முந்தின ஐப்பசி மழையில் அம்மா வீட்டிலிருந்த அத்தனை பாத்திரத்தையும் ஒழுகுகிற இடங்களில் வைத்துவிட்டு, சோறு ஆக்கச் சட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். சுவர் நனைந்து நனைந்து பின்பக்கம் வயிறு தள்ளிப்போயிருந்தது. அன்றைக்கு அவளிடம் சொன்னேன், அடுத்த ஐப்பசி வருவதற்குள் உன் தலைக்கு மேல் தகர ஷீட் இருக்கும் என்று. கூரைக்கென்று அதற்கு முன்பிருந்தே இரண்டு வருஷம் சீட்டுக் கட்டி, எடுத்த பணத்தை ஒரு பைசா தொடாமல் வைத்திருந்தேன்.

ஷீட் வாங்கிவிடலாம், மலைக்கு எப்படிக் கொண்டுபோவது? ஸ்டாண்டில் நிற்கும் வண்டிக்காரர்களிடம் மலை என்று சொன்னாலே முகம் மாறிவிடும். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஏறவேண்டும், திரும்பும்போது லோடு கிடைக்காது, அதனால் இரண்டு மடங்கு கொடு என்பார்கள். ஷீட், பைப், சிமெண்டு, மணல் என்று நாலைந்து நடை அடிக்கவேண்டும். என் வீட்டுக்காரர் உட்கார்ந்து யோசித்துவிட்டு, கடைக்கும் எப்போதாவது மோட்டார் ஏற்றி இறக்கவேண்டியிருக்கிறது, கடையில் சேர்த்த பணத்தில் விலை கம்மியாக ஒரு பழைய பிக்கப்பை நாமே வாங்கிப்போட்டால் என்ன என்றார். எனக்கும் சந்தோஷம்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. இதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நைனார்பாளையத்தில் ஒருவர் வண்டி கொடுப்பதாகத் தெரிந்து, ஆனி மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது இரண்டு பேரும் போனோம். நெற்றி நிறைய விபூதி, சிரித்த முகம், எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார். வண்டி அவர் வாசலில் கழுவித் துடைத்து நின்றது. என் வீட்டுக்காரர் பைக்குள்ளிருந்து ஒரு நீட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். மோட்டாருக்குப் பேரிங் போயிருக்கிறதா என்று பார்க்க, ஓடுகிற மோட்டார் மேல் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்துக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பது அவர்கள் தொழிலில் வழக்கம். அதே மாதிரி என்ஜின் மேல் முனையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பதுபோல அந்த விபூதிக்காரரும் பயபக்தியோடு நின்றார். கடைசியில் கண்ணைத் திறந்து, நல்லா இருக்குது என்றார் இவர். டயரைப் பார்த்தாரா? இல்லை. இன்சூரன்ஸ் காகிதத்தைப் பார்த்தாரா? அதுவும் இல்லை. காதில் கேட்டதே போதும் என்று இருந்துவிட்டார்.

விலை பேச ஆரம்பித்ததும் அந்த விபூதிக்காரரே இறங்கி வந்தார். இன்னும் நாலு நாளில் ஆடி பிறந்துவிடும், பிறந்தால் ஒருவரும் வண்டி கேட்டு வாசற்படி ஏறமாட்டார்கள், அதனால்தான் குறைத்துக் கொடுக்கிறேன் என்றார். நியாயமாகத்தான் பட்டது. பணத்தைக் கொடுத்து அன்றைக்கே ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அங்கேதான் நான் என் திருவாயைத் திறந்தேன். இந்த நாலு நாளில் ஒரு நாளும் நன்றாக இல்லை, காலண்டர் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன், அம்மா வீட்டுக் கூரைக்காக வாங்குகிற வண்டி, நாள் பார்க்காமல் எடுக்கமாட்டேன் என்றேன். அந்த மனிதர் முகத்தில் எந்த வருத்தமும் இல்லை. பணத்தை இப்போது கொடுத்துவிட்டுப் போங்கள், ஆடி முழுக்க வண்டி என் வாசலில் பத்திரமாக நிற்கட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்தில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று பஸ்ஸில் வரும்போது நாங்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டோம். இப்போது நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் ஆடி என்றால் தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள், சாமி ஊர்வலம் வரும். எங்கள் தெருவிலும் ஒரு வெள்ளிக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அம்மன் வந்தாள். முன்பெல்லாம் ஆட்கள் தோளில் தூக்கி வருவார்கள், இப்போது ஒரு பிக்கப் வண்டியில்தான். வண்டியின் நாலு பக்கமும் வாழைமரம், வேப்பிலைத் தோரணம், சீரியல் லைட்டு, பின்னால் ஜெனரேட்டரை வேறு கட்டி இழுத்து வந்தார்கள். நம்பர் பிளேட் இருக்குமிடமே தெரியாத அளவுக்குச் சாமந்தி மாலை. வீட்டுக்கு வீடு நின்று, தட்டு வாங்கி, நகர்ந்து, மறுபடி நின்று, எங்கள் வாசலுக்கு வர ஒரு மணி நேரம் ஆனது. நான் தேங்காய் உடைத்தேன். அம்மா வீட்டுக்கு ஷீட் நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் தாயே என்று அந்தச் சக்கரத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, எவ்வளவு பொறுமையாக ஊர்ந்து போகிறது பார், வண்டி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்றார்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரம் எல்லாம் எடுத்துக்கொண்டு நைனார்பாளையம் போனோம். வண்டி அதே இடத்தில்தான் நின்றது. ஆனால் பக்கவாட்டுக் கம்பி முழுக்க லைட்டு ஒயர் கட்டிய பிளாஸ்டிக் கிளிப்புகள். சீட்டுக்கு அடியில் காய்ந்த சாமந்திப்பூ அள்ளி அள்ளிக் கொட்டலாம் போல இருந்தது. முன்பக்கம் கற்பூரக் கரி. நான் கேட்பதற்கு முன்னால் அந்த விபூதிக்காரர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

“ஆடி மாசம் பூரா ஆத்தா ஏறி வந்த வண்டிங்க. பன்னெண்டு ஊரு சுத்திச்சி. இந்த மாரி ராசி வேற எந்த வண்டிக்குங்க இருக்குது?”

பத்திரமாக நிற்கட்டும் என்று சொன்ன வண்டியை மாசம் முழுக்க வாடகைக்கு விட்டிருக்கிறார். எந்தெந்த ஊர் என்று விரல் விட்டு வேறு சொன்னார். ஏழாவதாகவோ எட்டாவதாகவோ எங்கள் தெரு வந்தது. நாங்கள் தேங்காய் உடைத்தது எங்கள் வண்டிக்கே. எனக்குக் கண்மண் தெரியாத கோபம். ஆனால் என்ன சொல்லித் திட்டுவது? சாமியை ஏன் ஏற்றினாய் என்று நாள் பார்த்து வண்டி எடுக்க வந்தவள் கேட்கமுடியுமா? வாயைத் திறந்தால் ஆத்தாவையே குறை சொன்னதுபோல ஆகிவிடும். என் வீட்டுக்காரரோ அந்தக் கற்பூரக் கரியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினோம்.

சின்னசேலம் தாண்டுவதற்குள் கருகிய நாற்றம் வந்தது. என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை. வேறொரு வண்டியில் கயிறு கட்டி மெக்கானிக் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். மெக்கானிக் கழற்றிப் பார்த்து, தேய்ந்து கறுத்துப்போன கிளட்ச் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சாமி ஊர்வலம் போன வண்டியா என்று கேட்டார். எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வருஷா வருஷம் ஆவணியில் இதே மாதிரி இரண்டு மூன்று வண்டி வருமாம். மிதித்த கிளட்சை முழுசாக விடாமல் அங்குலம் அங்குலமாக ஊர்ந்தால் தட்டு என்னத்துக்கு ஆகும் என்றார். பொறுமையாக ஊர்ந்து போகிறது என்று மெச்சியவர் என் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்ல எனக்கே வெறுப்பாக இருக்கிறது. கிளட்ச் மாற்றியதும் டயர் நாலும் மொட்டை என்று தெரிந்தது. அந்த டயரோடு மலை ஏறினால் வளைவில் நிற்காது. டயர் போட்டால் இன்சூரன்ஸ் முடிந்து மாசக்கணக்கு ஆகியிருந்தது. இன்சூரன்ஸ் கட்டினால் எஃப்.சி. காட்டித் தகுதிச் சான்று வாங்கவேண்டும், அதற்குப் பிரேக் சரிபண்ணவேண்டும், பெயிண்ட் அடிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் வந்து என் தையல் மிஷின் பக்கத்தில் நிற்பார். நின்றாலே எனக்குத் தெரிந்துவிடும். ஷீட்டுக்கு வைத்திருந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பேன். ஷீட் ஏற்ற வாங்கிய வண்டி அந்த ஷீட்டையெல்லாம் தின்று தீர்த்தது. அந்த நைனார்பாளையத்து ஆளிடம் இவர் ஒரு நாள் போய்க் கேட்டார். மறுபடி மோர் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

புரட்டாசி முடிகிற நேரம். கடைசியாக மிச்சமிருந்ததையும் கேட்டு வீட்டுக்காரர் வந்து நின்றபோது நான் மிஷினை நிறுத்திவிட்டேன். உங்கள் ஸ்க்ரூ டிரைவரில் இதெல்லாம் கேட்கவில்லையா, ஊரெல்லாம் மோட்டார் பார்க்கிற மனுஷனுக்கு டயர் மொட்டை என்று கண்ணுக்குத் தெரியாதா, என் அம்மா வீடு என்றதும் அலட்சியமா என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் பொதுவாகக் கோபப்படாத ஆள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார்.

“காதுல கேட்டது நானு. நாள் பாத்தது யாரு?”

அன்றைக்கே எடுத்து வந்திருந்தால் ஆடி முடிவதற்குள் கூரை ஏறியிருக்கும், கிளட்ச் செலவாவது மிஞ்சியிருக்கும். பணத்தை எடுத்து மிஷின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அம்மா ஆரம்பத்தில் போனில் பேசும்போதெல்லாம் ஷீட் எப்போது வரும் என்று கேட்பாள். ஆவணியில் இரண்டு முறை கேட்டாள். புரட்டாசியில் கேட்பதை விட்டுவிட்டாள். ஆடு குட்டி போட்டதையும் சாமை நன்றாக வந்திருப்பதையும் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அவள் கேட்காமல் இருந்ததுதான் என்னை இன்னும் அறுத்தது. ஒரு முறையாவது திட்டியிருக்கலாம்.

ஐப்பசி பிறந்த இரண்டாம் வாரம் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலையில் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். பின்பக்கச் சுவர் உட்கார்ந்துவிட்டது, கூரை பாதி உள்ளே இறங்கிவிட்டது, அம்மா ஆட்டுக்குத் தழை போட வெளியே போயிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை என்றார். மிஷினில் இருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்தேன். வீட்டுக்காரர் அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அன்றைக்கு அந்த வண்டி ஓடிய ஓட்டத்தை என்ன சொல்ல. ஒரு முனகல் இல்லை. கச்சிராயபாளையம் தாண்டி ஈர ரோட்டில் வளைவுக்கு வளைவு சும்மா ஏறியது. புது கிளட்ச், புது டயர், புது பிரேக். நான் அதில் உட்கார்ந்து மலை ஏறியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு நன்றாக ஓடியதே எனக்குத் தாங்கவில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன், காலி வண்டி.

அம்மா வீட்டு வாசலில் சாக்கு போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். நான் கூப்பிடவே இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன், தேவைப்படவில்லை. சாமானை எல்லாம் அவளே மூட்டை கட்டி, சேறு படாமல் கல்லின் மேல் அடுக்கி வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கைகொடுத்தார்கள். கயிற்றுக் கட்டில், அம்மிக்கல், சாமை மூட்டை இரண்டு, அப்பா போட்டோ, பாத்திரம், குண்டான், ஆடு மூன்று, குட்டி ஒன்று. என் வீட்டுக்காரர் மழையில் நனைந்துகொண்டு எல்லாவற்றையும் இழுத்துக் கட்டினார். அவள் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

கட்டி முடித்ததும் அம்மா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கயிறு இறுக்கமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பிறகு அவரிடம் சொன்னாள்.

“நல்ல வண்டிதான் மாப்ள. என் வூடு பூரா ஒரே நடைல அடங்கிப்போச்சி பாரு.”

சொல்லிவிட்டு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே பின்னால் போய், இறுக்கமாக இருந்த கயிற்றை மறுபடி இழுத்துக் கட்டினார்.