யாரும் கழற்றாத வளையல்கள்

இன்று பிரசவ வார்டில் ஒரு பெண் தன் வளைகாப்பு வளையல்களைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். பிள்ளை பிறந்ததும் பிரசவம் பார்த்தவளுக்கு அவற்றைக் கொடுத்துவிடுவது நம்மவர் வழக்கம். பச்சையும் சிவப்புமான கண்ணாடி வளையல்கள். வாங்கிக்கொண்டேன். மன்னியின் ஞாபகம் வந்துவிட்டது.

மன்னி என் அண்ணாவின் மனைவி. அண்ணாவுக்குக் கல்கத்தாவில் சர்க்கார் உத்தியோகம். காளிகாட்டில் ஒரு சந்தில் குடியிருந்தோம். கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்து மன்னிக்கு வயிறு மேடிட்டது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "அப்பப்போ ரத்தம் படறதும்மா" என்று மன்னி தயங்கிச் சொன்னபோதுகூட, "வாயை மூடு, எல்லாம் திருஷ்டி" என்று அடக்கிவிட்டாள். வளையல்காரியை வீட்டுக்கே வரவழைத்து, பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்கள் குலவையிட, இரண்டு கையிலும் வளையல் அடுக்கினாள். மன்னி அன்று சிரித்த மாதிரி என்றும் சிரித்ததில்லை.

பத்து மாதம் தாண்டியும் வலி எடுக்கவில்லை. அண்ணா ஒரு லேடி டாக்டரை அழைத்து வந்தார். அந்த அம்மாள் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, குழந்தை இல்லை, ஃபைப்ராய்டு என்றாள். "கெடுதல் பண்ணாத கட்டிதானாம், பயப்பட வேண்டாமாம்" என்று அண்ணா தமிழில் சொன்னார். மறு வாரமே அம்மா அவருக்கு வேறு பெண் தேட ஆரம்பித்தாள்.

நர்ஸ் படிப்பில்தான் அந்தப் பெயர் எனக்குப் புரிந்தது. லத்தீனில் நார் என்ற சொல்லும், கிரேக்கத்தில் 'போன்றது' என்ற சொல்லும் சேர்ந்தது. நார் போன்றது, அவ்வளவுதான். உண்மையில் அது பெரும்பாலும் கருப்பையின் தசையே திரண்ட கட்டி. மையோமா, தசைக்கட்டி என்று இன்னொரு பெயரும் உண்டு. கண்ணுக்கு நாராகத் தெரிந்ததை வைத்து டாக்டர்கள் பெயர் வைத்தார்கள். கண்ணுக்குப் பிள்ளையாகத் தெரிந்ததை வைத்து அம்மா வளைகாப்பே நடத்திவிட்டாள். டாக்டர்கள் வைத்த பெயரால் யார் வாழ்க்கையும் போகவில்லை.

வளையல்களை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. பிரசவமானால் கழற்றலாம், பிரசவமே இல்லையென்றால்? சுமங்கலி கை என்று அம்மா தொடவே மாட்டேன் என்றுவிட்டாள். மன்னியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பும் நாள் காலையில் அவள் என்னைக் கூப்பிட்டு இரு கைகளையும் நீட்டினாள்.

"நீயாவது கழட்டி வாங்கிக்கோடி, கண்ணு. யாராவது வாங்கிண்டாத்தானே இது முடியும்?"

எனக்குப் பதினோரு வயது. அம்மா திட்டுவாளே என்று ஓடிப்போனேன். ஹவுராவில் ரயில் நகர்ந்தபோது ஜன்னலில் அந்த வளையல்கள்தான் தெரிந்தன.

டாக்டர் சொன்னது பொய்யில்லை. கட்டி அவளைக் கொல்லவில்லை. தன் அப்பா வீட்டுச் சமையலறையில் முப்பது வருஷம் உயிரோடு இருந்தாள். பாத்திரத்தில் பட்டு ஒவ்வொன்றாக உடைந்ததாம். புதிதாக ஒன்றும் போட்டுக்கொள்ளவில்லையாம். அவள் செத்த செய்தியோடு மன்னியின் தம்பி எழுதியிருந்தான்.

இன்று வாங்கியவற்றையும் அலமாரியில் போட்டேன். அது நிறைய யார் யாருடைய வளையல்களோ கிடக்கின்றன. கொடுத்தவர்களிடமெல்லாம் வாங்கினேன். வாங்கிக்கொள் என்று கெஞ்சியவளிடம் வாங்கவில்லை, பாவி நான்.