ஊசிக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு

நூல்காப்புப் பின்னுவதற்குப் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. மணிக்கட்டைச் சுற்றி ஒரு காகிதத் துண்டைப் பிடித்து, முட்டுகிற இடத்தில் பேனையால் கோடு போட்டு, அதற்கு மேல் ஒரு சுண்டுவிரல் நுழைய இடம் விட்டால் போதும். இறுகினால் கை கோபிக்கும். தளர்ந்தால் காப்பு கழன்று தன்பாட்டில் போய்விடும். தொலைபேசியில் காணொளி பார்த்துத்தான் பழகினேன். மெழுகு பூசிய பருத்தி நூல், ஒரு கத்தரிக்கோல், நூலைப் பிடித்து வைக்க ஒரு கிளிப். வேறு சாமான் வேண்டாம்.

இந்தக் கணக்குப் பிழைக்கிற இடமும் உண்டு என்பது டயலிசிஸ் பிரிவில்தான் தெரிந்தது.

என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் களைத்துப்போய் மூன்று வருடம். திங்கள், புதன், வெள்ளி காலையில் நாங்கள் இருக்கிற ஹொல்ம்லியாவில் ரயில் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போவோம். போனதும் தராசில் நிற்பார். பிறகு இடது கையில் இரண்டு ஊசி. நாலு மணித்தியாலம் மெஷின். அந்தக் கையில் கடிகாரம்கூடக் கட்டக்கூடாது, இரத்த அழுத்தமும் பார்க்கக்கூடாது. நான் சிறுவர் பாடசாலையில் அரைநேர வேலை. அந்த மூன்று நாளும் வேலையில்லாதபடி மாற்றிக்கொண்டேன். கூட இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருந்தால் சும்மா இருக்கமாட்டேன், இங்கே இருந்தால் சும்மா இருக்கலாம் என்று போவேன். சும்மா இருப்பதற்கும் கைக்கு ஏதாவது வேண்டும். அதுதான் நூல்.

முதலில் கேட்டவர் பக்கத்து நாற்காலிக்காரர். ட்ராம் ஓட்டி ஓய்வு பெற்ற நோர்வேக்காரர், பகிடிக்காரன். நீல நிறத்தில் ஒன்று வேண்டும் என்றார். காலையில் ஊசி குத்துவதற்கு முன்னம் அவருடைய மற்றக் கையை அளந்து, மெஷின் ஓட ஓடப் பின்னி, மத்தியானம் அவர் எழும்பும்போது மாட்டிவிட்டேன். கையைத் தொங்கப் போட்டார். காப்பு விரல் மொளியில் வந்து நின்றது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. காகிதத்தை எடுத்து மறுபடி அளந்தேன். காலையில் போட்ட கோட்டுக்கும் இப்போது முட்டுகிற இடத்துக்கும் நடுவில் ஒரு பேனைத் தடிப்புக்கு மேலே வித்தியாசம்.

“நீ அளந்தது என்னையில்லை, என்ரை கோப்பியை,” என்றார் அவர். நோர்வேஜிய மொழியில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். “ரெண்டு நாள் குடிச்சதெல்லாத்தையும் மெஷின் இப்ப எடுத்துப்போட்டுது.”

விரலுக்கேற்ற வீக்கம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு ஊசிக்கு முன் ஒரு மணிக்கட்டு, ஊசிக்குப் பின் ஒரு மணிக்கட்டு. எது சரியான அளவு என்று கேட்டால் இரண்டும் சரி, இரண்டும் பிழை. அதனால் அதற்குப் பிறகு எல்லோருக்கும் ஓடுகிற முடிச்சுத்தான் போட்டேன். இரண்டு நுனியையும் இழுத்தால் இறுகும், வளையத்தை விரித்தால் தளரும். எத்தனையோ பேருக்குக் கொடுத்தேன். தாதிக்கும் ஒன்று கொடுத்தேன். அவ ஹம்மர்பெஸ்ட்காரி, வடக்கத்தி ஆட்களுக்குரிய நீட்டி நிமிர்ந்த பேச்சு. வேலையில் முழங்கைக்குக் கீழே மோதிரம்கூடப் போட விடமாட்டார்கள். ஆகவே அதைக் கைப்பையின் வாரில் மாட்டிக்கொண்டா. “என்ரை பை மெலியாது, இடைக்கிடை அளக்கத் தேவையில்லை,” என்றா.

ஒரே ஒருவருக்கு மட்டும் ஓடாத முடிச்சுப் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு.

கார்த்திகை பிறந்ததிலிருந்து அவருக்கு மூச்சு வாங்கியது. ரயிலால் இறங்கி எங்கள் வீட்டுக்கு ஏறுகிற சரிவில் முதலில் ஒரு இடத்தில் நிற்பார். பிறகு இரண்டு இடம், மூன்று இடம். காலுறை கழற்றினால் கணுக்காலில் கயிறு கட்டியதுபோலப் பள்ளம். உடம்பில் தண்ணீர் கூடுகிறது, குடிப்பதைக் குறையுங்கள் என்று வைத்தியர் சொன்னார். அவர் தலையாட்டினார். வெளியே வந்ததும், “அவை தந்த அளவுதானே நான் குடிக்கிறன்,” என்றார்.

நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணம் கட்டுவதற்கு முன்னம் அவர் நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவர். அங்கே குளிருக்கு ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு பிளேன்டீ குடித்ததாக அவரே பெருமையாகக் கதைப்பார். தேத்தண்ணிக்காரன் தேத்தண்ணியை விடுவானோ என்பது என் எண்ணம்.

ஒரு வெள்ளிக்கிழமை மெஷின் முடிந்ததும் அவருடைய வலது மணிக்கட்டை அளந்தேன். மண்ணிறத்தில் ஒரு காப்புப் பின்னி, சுண்டுவிரலுக்கு இடம் விட்டு, நுனிகளை இறுக்கி முடிந்து ஒட்ட நறுக்கிவிட்டேன். இனி வெட்டினால்தான் கழரும்.

“இடையிலை கூடக் குடிக்காட்டி ஞாயிற்றுக்கிழமையும் என்ரை விரல் உள்ளை போகும்,” என்றேன்.

“இதென்ன, வீட்டுக்காவலோ?”

“அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ.”

ஒவ்வொரு நாள் காலையும் கையைப் பிடித்து விரலை விட்டுப் பார்த்தேன். சனிக்கிழமை அரைவாசி போகும். ஞாயிறு நகத்தோடு நிற்கும். திங்கள் காலையில் தோலில் பின்னல் அச்சாக விழுந்திருக்கும். நான் வேலையால் வந்ததும் கேத்தலைத் தொட்டுப் பார்ப்பேன், சூடு இருக்கிறதோ என்று. தேத்தண்ணிக் கோப்பைகளை எண்ணுவேன். தொலைபேசியில் இதைக் கேட்ட மகள், “அம்மா, நீங்கள் ரெயினிலை டிக்கெட் பாக்கிற ஆக்களிலும் மோசம். அவையளாவது வேறை ஆள் வந்தா மாறுவினம்,” என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காவல் காக்கிறவளுக்கும் களைப்புத்தான். ஆனால் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டு வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் நெஞ்சுக்குப் போனால் என்ன நடக்கும் என்று வைத்தியர் விளங்கப்படுத்தியிருந்தார்.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோற்றுக் கோப்பையோடு இருந்தவரின் கையைப் பிடித்தேன். விரல் போகவில்லை.

“எங்கை குடிச்சனீங்கள்?”

“குடிக்கேல்லை.”

“பின்னை இது காத்திலை வந்து ஊதினதோ?”

“உம்மடை தலையிலை அடிச்சுச் சத்தியம் பண்ணட்டோ?”

“என்ரை தலையை விடுங்கோ. பூனை கண்ணை மூடினால் உலகம் இருட்டாகாது.”

அவர் கோப்பையில் இருந்த சொதியை வடித்து ஒரு பக்கம் வைத்தார். “இதுவும் தண்ணிதானே,” என்றார். அடுத்தடுத்த நாட்களில் குழம்பையும் விட்டார். குழம்பில்லாத சோறு தொண்டையால் இறங்குமா? இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கோப்பையைத் தள்ளினார். கோபத்தில் செய்கிறார் என்று நினைத்து நானும் வற்புறுத்தவில்லை. கோபம் ஆறட்டும், பசி கூட்டிக்கொண்டு வரும் என்று இருந்தேன். உண்மையில் சாப்பாடு அதற்கு முன்னமே, கார்த்திகையிலேயே குறைந்திருந்தது. நான் தண்ணீரை எண்ணினேனே தவிரச் சோற்றை எண்ணவில்லை.

ஒரு விடயம் எனக்கு அப்போதே இடித்தது. முந்தி மெஷின் முடிந்ததும் விரல் சுகமாகப் போகும். இப்போது நாலு மணித்தியாலம் இழுத்த பிறகும் இறுக்கமாகத்தான் போனது. மெஷினுக்கே பிடித்துக் கட்டமுடியாத அளவுக்குக் குடிக்கிறார் என்று அதற்கும் நானே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆனால் மெஷின் முடிந்து ஏறி நின்றால் தராசு ஒவ்வொரு முறையும் அதே இலக்கத்தைத்தான் காட்டியது. அந்த இலக்கத்துக்கு டொர்வெக்ட் என்று பெயர். மேலதிகத் தண்ணீர் இல்லாமல் ஆள் இருக்க வேண்டிய நிறை. அந்த நிறை வந்ததும் மெஷினை நிறுத்திவிடுவார்கள். அவருடைய இலக்கம் ஒன்றரை வருடமாக மாறாமல் இருந்தது. மாறாமல் இருப்பதை நல்லதென்றுதானே நினைப்போம்.

மாசி தொடங்கிய கிழமை, என் நூல் பையில் இரண்டு மீற்றர் மண்ணிற நூலைக் காணவில்லை. பாடசாலையில் மறந்துவிட்டேன் ஆக்கும் என்று நினைத்தேன். அந்தத் திங்கள் ஆஸ்பத்திரியில் தராசில் ஏறுவதற்கு அவர் ஜக்கற்றைக் கழற்றினார். கைப்பிடியைப் பிடிக்கக் கையை உயர்த்தியபோது ஸ்வெற்றர் மேலே போனது. களிசான் இடுப்பில் பெல்ட் இல்லை. அது போகிற வளையங்களுக்குள்ளால் என்னுடைய நூல் இரண்டு பட்டாக ஓடி, முன்னால் மாட்டுக்குக் கட்டுகிற மாதிரி ஒரு முடிச்சில் நின்றது.

“இதென்ன?”

“பெல்ட்டிலை இனி ஓட்டை இல்லை.”

“எப்ப தொடக்கம்?”

“நத்தாரிலை இருந்து. முதல் சுத்தியலும் ஆணியும் வைச்சு ரெண்டு ஓட்டை போட்டனான். பிறகு பெல்ட்டின்ரை வால் முதுகு வரைக்கும் போட்டுது.”

“ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“நீர் கையைத்தானே பாத்தனீர்.”

களிசானுக்கும் வயிற்றுக்கும் நடுவில் கையை விட்டேன். பொத்திய கை முழுதாக உள்ளே போனது. அங்கேயே, தராசுக்கு முன்னால், எல்லோரும் பார்க்க நின்றேன். தாதி எட்டிப் பார்த்துவிட்டுக் கிட்ட வந்தா. அவருடைய மேற்கையைப் பிடித்துப் பார்த்தா, தோள் எலும்பைத் தடவினா, கண்ணாடியைக் கழற்றச் சொல்லி முகத்தைப் பார்த்தா. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டா. அவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். சொல்லச் சொல்ல, அது சாப்பிட்டதன் பட்டியல் அல்ல, விட்டதன் பட்டியல் என்று எனக்கே கேட்டது.

“தராசுக்குத் தண்ணியும் தெரியாது, சதையும் தெரியாது,” என்றா தாதி. “அதுக்கு ரெண்டும் கிலோ.”

பிறகு அவரை நாற்காலியில் சாய இருத்திவிட்டு விளங்கப்படுத்தினா. ஆளின் சதை மெல்ல மெல்லக் கரைந்திருக்கிறது. கரைந்த இடத்தைத் தண்ணீர் பிடித்திருக்கிறது. நிறை அதே நிறை. மெஷின் பழைய இலக்கத்தோடு நின்றுவிட, மிச்சத் தண்ணீர் ஒவ்வொரு முறையும் உடம்போடேயே வீட்டுக்கு வந்திருக்கிறது. குளிர்காலத்தில் தடித்த உடுப்புக்குள் மெலிவது வீட்டில் பார்க்கிறவர்களுக்கே தெரியாது, தங்களுக்கும் சிலவேளை பிந்தித்தான் தெரியும் என்றா.

நான் கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். “அப்ப இவர் கூடக் குடிக்கேல்லையோ?”

“இப்பிடி வாறதுக்கு ஒரு சொட்டும் கூடக் குடிக்கத் தேவையில்லை.”

அவருக்கு நோர்வேஜிய மொழி என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பக்கத்து நாற்காலியில் ட்ராம்காரர் பத்திரிகையை முகத்துக்கு உயர்த்திப் பிடித்திருந்தார். பகிடி விடவில்லை. அந்த மனிசன் பகிடி விடாமல் இருந்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

தாதி கட்டு வெட்டுகிற கத்தரிக்கோலைக் கொண்டு வந்து, தோலில் பதிந்திருந்த காப்பை வெட்டினா. வெட்டிய துண்டை என்னிடம் தந்தா. குப்பைத் தொட்டி பக்கத்தில்தான் இருந்தது, ஆனாலும் என்னிடம் தந்தா.

வைத்தியர் வந்து நெஞ்சை ஸ்கான் பண்ணிப் பார்த்துவிட்டு இலக்கத்தைக் குறைத்தார். ஒரேயடியாகக் குறைத்தால் நரம்பு இழுக்கும், தலை சுற்றும். ஆகவே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக. இரண்டரைக் கிழமையில் நாலு கிலோவுக்குக் கிட்ட இறங்கியது. கால் வற்றியது. மூச்சு வந்தது. தண்ணீர் போன பிறகு அவருடைய முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இத்தனை நாளும் வீக்கத்தை முகம் என்று நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களிடையே மன்னிப்பு என்ற சொல் மேடைக்கும் கோயிலுக்கும் உரியது. கட்டின மனிசனிடம் அதைச் சொன்னால் சுகமில்லையோ என்று கேட்பார்கள். அதனால் நான் சொதியை அளந்து வைத்தேன். சொதிக்குக் கொடுத்த அளவைத் தேத்தண்ணியில் கழித்தேன். முட்டை, மீன் என்று சாப்பாட்டு நிபுணர் சொன்னதையெல்லாம் செய்தேன். முதல் நாள் அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

“சாப்பிடுங்கோ.”

“இதுக்கும் கணக்கோ?”

“கணக்கு என்னோடை. நீங்கள் சாப்பிடுங்கோ.”

அரைவாசி சாப்பிட்டார். அடுத்த நாள் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக.

ஓடுகிற முடிச்சில் புதுக் காப்பு ஒன்று பின்னினேன், எல்லோருக்கும் கொடுத்த மாதிரி. மேசையில் அவருடைய மருந்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். நாலு நாள் மருந்தை எடுத்தார், காப்பை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள், “வடிவாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா கை கொஞ்ச நாள் சும்மா கிடக்கட்டும்.” அவருடைய மணிக்கட்டில் பழைய காப்பின் தடம் மங்கலாக இன்னும் இருந்தது. முடிச்சுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நூலைத் திரும்பச் சுற்றி வைத்தேன். பின்னுவதைவிடக் கழற்றத்தான் நேரம் எடுக்கும்.

பங்குனி பிறந்தும் எங்கள் சரிவில் ஐஸ் போகவில்லை. போன வெள்ளிக்கிழமை ரயிலால் இறங்கி வீட்டுக்கு ஏறினோம். பகலில் உருகி இரவில் உறைந்து, சரளைக்கல் போட்டும் பயனில்லை. என் கால் ஒருமுறை சறுக்க, எட்டி அவருடைய வலது கையைப் பிடித்தேன். கையுறைக்கு மேலே, மணிக்கட்டில்.

அவர் நின்றார். “அளக்காதையும்.”

“அளக்கேல்லை. வழுக்குது.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். மூன்று இடத்தில் நிற்கிற சரிவில் அன்றைக்கு ஒரு இடத்தில்தான் நின்றோம். மூச்சு வாங்கியது நான். அவர் ஒன்றும் கேட்காமல், நான் ஆறும்வரை, கீழே போகிற ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.