நீலக் கதவுக்குப் பின்னால் ஒரு மணப்பெண்

மூன்று வருடங்களுக்கு முன், பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ஒஸ்லோவில் நடந்தது இது. அந்த வாரம் முழுவதும் பனி கொட்டித் தீர்த்திருந்தது. சனிக்கிழமை காலையில் திடீரென்று வெயில் எறித்தது. நகரத்தின் ஓரத்தில், ஃபுருசெத்தில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியிருந்தது.

வார இறுதியில்தான் எனக்கு வீட்டு வேலை எல்லாம். அன்று அவற்றை அப்படியே போட்டுவிட்டு நான் நகரத்துக்குக் கிளம்பியதற்குக் காரணம், எங்களுக்கு மேல் மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த பெண். கோயம்புத்தூர்க்காரி. கணவனுக்கு இங்கே கணினி வேலை கிடைத்து வந்தவள். தமிழ்ச் சத்தம் கேட்டு மின்தூக்கியில் என்னைப் பிடித்துக்கொண்டவள், அன்றிலிருந்து அக்கா என்று என் பின்னாலேயே வந்தாள். நான் எங்கள் ஊர்ப் பேச்சில் "வாரும், இரும்" என்றால், ராஜா காலத்து நாடகம் பார்ப்பது போல் இருக்கிறது என்று சிரிப்பாள். என்னிடம் வாய் ஓயாது. ஆனால் வெளியே போனால் ஊமை. நன்றாக ஆங்கிலம் தெரிந்தும் கடையில் பால் எங்கே இருக்கிறது என்று கேட்கமாட்டாள். பிழையாகப் பேசிவிட்டால் என்ன நினைப்பார்களோ என்று பயம்.

அவளுக்குப் பழைய வீடுகள் என்றால் பைத்தியம். அதிலும் கதவுகள். நகரத்துக்கு நடுவே, மேட்டின் மேல் இருக்கும் பழைய கல் தேவாலயத்துக்குப் போகிற சரிவில், வரிசையாக மர வீடுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நிறக் கதவு, அதைப் பனியில் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. எத்தனையோ வருடம் அதற்குக் கீழே உள்ள தெருவால் பஸ்ஸில் வேலைக்குப் போயிருக்கிறேன், தலையைத் திருப்பிப் பார்த்ததில்லை.

"உந்தக் கதவுகளைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வெளிக்கிட்டனாங்கள்?" என்று நிலத்தடி ரயிலில் கேட்டேன்.

"வந்து பாருங்கக்கா, அப்புறம் சொல்லுங்க" என்றாள்.

பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். சாய்வான ஒடுக்கமான தெரு. இரண்டு பக்கமும் பொம்மைக்குக் கட்டியது போல் சின்னச் சின்ன மர வீடுகள். கூரையெல்லாம் பனி தடிப்பாக, சீமெந்து பூசியது மாதிரி. கீழே மஞ்சள், பச்சை, இரத்தச் சிவப்பு என்று கதவுகள். ஒரு வீட்டின் மரச்சுவர் வளைந்து போயிருந்தது, ஆனால் அதன் கதவு நேற்றுப் பூசியது போல் பளபளத்தது. வெள்ளைக்கு நடுவில் அந்த நிறங்களைப் பார்க்க, திருவிழாவுக்கு உடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி இருந்தது. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கைபேசியை எடுத்து நானும் படம் பிடிக்கத் தொடங்கினேன்.

நடுவழியில் ஒரு நீலக் கதவு. சாதாரண நீலம் இல்லை, மயில் கழுத்து நீலம். இரண்டு கல் படிகள், கதவின் நடுவே கடிதம் போடுவதற்கு ஒரு பித்தளை மூடி. கோவைக்காரி படிகளில் ஏறிக் கதவருகே நின்று, "இங்க ஒண்ணு எடுங்கக்கா" என்றாள்.

படம் எடுக்கக் கையை உயர்த்தியபோதுதான் சுவரில் சாய்த்து வைத்திருந்த சிவப்புத் தடியைக் கண்டேன். கூரைப் பனி விழலாம், கிட்ட வராதே என்று இங்கே வைக்கும் அடையாளம் அது. அவளுக்கு எங்கே தெரியும், அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைத்திருக்கிறாள். அதற்குள் மேலே, யாரோ பாய் இழுப்பது போல் ஒரு சத்தம் கேட்டது.

"இஞ்சாலை வாரும்" என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேருமாகத் தெருவின் மறுபக்கத்தில் போய் விழுந்தோம். பின்னால் ஒரு லொறி மண் கொட்டியது போல் சத்தம். திரும்பிப் பார்த்தால், அவள் நின்ற இடத்தில் இடுப்பளவுக்குப் பனிக்கட்டிக் குவியல். ஈரப் பனியும் இடையிடையே தலையணை அளவில் பனிக்கட்டிகளும். ஒன்று அவள் தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கப் பிடிக்கவில்லை.

 பிறகு அவள் என் தொப்பியில் இருந்த பனியைத் தட்டிவிட்டு, "அக்கா, நாடகத்துல வர்ற மாதிரியே வாரும்னு சொன்னீங்க" என்றாள். அப்படியே தரையில் இருந்துகொண்டு சிரித்தோம்.

அப்போது யாரோ தட்டுவது கேட்டது. நீலக் கதவின் உள்பக்கமிருந்து.

பித்தளை மூடி மெல்லத் திறந்தது. பனிக்குவியல் அதற்குச் சற்றுக் கீழே நின்றிருந்தது நல்ல காலம். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், நோர்வே மொழியில், யாருக்காவது அடிபட்டுவிட்டதா என்று கேட்டது. இல்லை, நாங்கள் நலம் என்றேன். கடவுளுக்கு நன்றி என்றது குரல். கொஞ்சம் பொறுத்து, "கதவு திறக்கவில்லை. எனக்கு ஒரு மணிக்குக் கல்யாணம்" என்றது.

நான் குனிந்து துவாரத்துக்குள் பார்த்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க பெண். கறுப்புக் கம்பளியில் பூவேலை செய்த புனாட் என்ற நோர்வே தேசிய உடை, நெஞ்சில் வெள்ளி அணிகள். எங்கள் கல்யாணப் பெண் போலவே நகையும் பாரமுமாக நின்றார்.

இங்கே வீட்டுக் கதவுகள் வெளிப்பக்கம் திறப்பவை. வெளியே பனி அடைத்தால் உள்ளே இருப்பவர் அசைக்க முடியாது. பின் கதவு இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் பின்வளவில் நத்தாரிலிருந்து, அதாவது கிறிஸ்மஸிலிருந்து, வழித்து ஒதுக்காத பனி மலையாகக் கிடக்கிறது என்றார். ஜன்னல்களில் குளிர் காலத்துக்கென்று உள்ளே இன்னொரு கண்ணாடிச் சட்டத்தைத் திருகாணியால் இறுக்கி வைத்திருக்கிறார், அதைக் கழற்றினாலும் அந்தப் பாவாடையோடு சின்ன ஜன்னலால் வர முடியாது. தங்கை பூக்களோடு முன்னதாகவே மேலே தேவாலயத்துக்குப் போய்விட்டார். இந்த மேட்டைத் தனியாக நடந்து ஏற வேண்டும் என்று இவரே ஆசைப்பட்டுப் பின்தங்கியிருக்கிறார். கைபேசி தங்கையின் பையில். என் கைபேசியைத் தருகிறேன் என்றால், தங்கையின் இலக்கம் மனப்பாடம் இல்லை. நம்மில் யாருக்குத்தான் இருக்கிறது.

"பயப்படாதீர்கள். நேரம் பிந்தினாலும் காத்திருப்பார்கள்" என்றேன்.

 பிறகு அவர் சொன்னார், "முன்பு ஒரு முறை இதே மனிதரோடு எனக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அன்றைக்கு நான் போகவில்லை, இதே வீட்டுக்குள் இருந்துவிட்டேன். இருபத்தைந்து வயது, பயந்துவிட்டேன். இன்றைக்கும் வராவிட்டால் அவர் என்ன நினைப்பார்?"

நான் இதை என் கூட்டாளிக்குத் தமிழில் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. மணி பார்த்தாள். ஒரு மணிக்கு அதிக நேரம் இல்லை.

"நான் மேல போய்ச் சொல்றேங்க்கா" என்றாள்.

"நீரோ? ஆரோடை கதைப்பீர்?"

"தெரியல. யார் இருக்காங்களோ அவங்ககிட்ட" என்றவள், அந்த வழுக்குகிற சரிவில் விழுந்தெழும்பி ஓடத் தொடங்கிவிட்டாள்.

எனக்கு மண்வெட்டி வேண்டும். அதற்கு அக்கம்பக்கத்தில் கதவைத் தட்ட வேண்டும். உண்மையைச் சொன்னால், நான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகியும் முன்பின் தெரியாத ஒரு நோர்வேக்காரர் வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. வேலையிடத்தில் எல்லோரோடும் நன்றாகக் கதைப்பேன். வீடு என்று வந்தால், அது அவர்களுடைய இடம், அழையாமல் போகக்கூடாது என்று ஒரு கூச்சம். சிவப்புக் கதவின் முன்னால் கையைத் தூக்கியபடி இரண்டு மூச்சு நின்றிருப்பேன். பிறகு தட்டினேன்.

அங்கே யாருமில்லை. மஞ்சள் கதவைத் தட்டினேன். நெஞ்சில் கைக்குழந்தையைக் கட்டிக்கொண்டு ஓர் இளம் தகப்பன் திறந்தான். மணப்பெண், பனி, மண்வெட்டி என்று என் வாயில் வந்ததைச் சொன்னேன். அவன் ஒரு கேள்வியும் கேட்காமல் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு, குழந்தையோடும் மண்வெட்டியோடும் வெளியே வந்துவிட்டான். குழந்தையை அவன் மனைவி வந்து வாங்கிக்கொண்டாள். பச்சைக் கதவுக்காரர் இரும்புக் கம்பியோடு வந்தார். எதிர்வீட்டு அம்மாவிடம் மண்வெட்டி இல்லை, அடுப்பில் கேக் வேகவைக்கும் தட்டோடு வந்தார். கூரையில் மிச்சப் பனி இல்லை என்று பச்சைக் கதவுக்காரர் அண்ணாந்து பார்த்து உறுதி செய்த பிறகு எல்லோருமாக இறங்கினோம்.

ஈரப் பனியின் பாரம் வெட்டியவர்களுக்குத்தான் தெரியும். கட்டிகளைக் கம்பியால் நெம்பி, கையால் தூக்கிப் போட வேண்டியிருந்தது. எனக்கு உள்ளங்கி வரை வியர்த்துவிட்டது. நடுவில் பித்தளை மூடி திறந்தது. மெல்லிய லெஃப்சே ரொட்டி, வெண்ணெயும் சீனியும் தடவி நான்காக மடித்தது, துவாரத்தால் வெளியே வந்தது. பின்னால் இன்னொன்று. "கோப்பி தரவும் ஆசைதான். துவாரத்தால் வராது" என்றார் மணப்பெண். எல்லோரும் சிரித்துச் சிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே வெட்டினோம்.

அப்போது மேலே தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. உள்ளே சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் இன்னும் வேகமாக வெட்டினோம்.

மணி ஓய்வதற்குள் சரிவின் மேலிருந்து ஒரு கூட்டம் இறங்கி வருவது தெரிந்தது. முன்னால் சிவப்புக் குளிரங்கியில் எங்கள் கோவைக்காரி. பக்கத்தில் நரைத்த தாடியோடு, கறுப்புக் கோட்டில் ஒரு உயரமான மனிதர், மேலங்கிகூட இல்லாமல். பின்னால் புனாட் உடுத்த பெண்கள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

அவள் தேவாலயத்துக்குள் ஓடிப்போய் நின்றபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.  முன்வரிசையில் தனியாக நின்றவரின் முகம் வெள்ளைத் துணி மாதிரி இருந்ததாம். அதைப் பார்த்ததும், "மணப்பெண் வரத்தான் நினைக்கிறார், பனி விடவில்லை" என்று ஆங்கிலத்தில் சத்தமாகச் சொல்லிவிட்டாளாம். இலக்கணம் சரியா பிழையா என்று யோசிக்கவே இல்லை என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

மாப்பிள்ளை நேரே வந்து பனியில் முழங்காலிட்டுப் பித்தளை மூடியைத் திறந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். மணப்பெண்தான் முதலில் பேசினார்.

"நீ மேலே போ. நான் வந்துவிடுவேன். நீ அங்கே நிற்க நான் நடந்து வர வேண்டும்."

"போகமாட்டேன்" என்றார் அவர். "போன தடவை நான் திரும்பிப் போனது பிழை. இங்கே வந்து இந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்."

எங்களில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அம்மா கேக் தட்டை அவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி, கல்யாணக் கோட்டோடு பனி அள்ளத் தொடங்கினார்.

கடைசியில் கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்கு அசைந்தது. பாவாடையை ஒடுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக வெளியே வந்தார் மணப்பெண். வெள்ளி அணிகள் வெயிலில் மின்னின. மாப்பிள்ளையின் முழங்கால் இரண்டும் நனைந்து, கைகள் சிவந்து போயிருந்தன. தங்கை அழுதுகொண்டே அக்காவின் காலணிக்கு அடியில் பனியில் வழுக்காத முள்பட்டியை மாட்டிவிட்டார். இருவரும் கையைக் கோத்துக்கொண்டு சரிவில் ஏறினார்கள். அந்த நிறக் கதவுகள் பலவும் திறந்திருக்க, வாசல்களில் ஆட்கள் நின்று கை தட்டினார்கள்.

நாங்கள் மெல்ல நழுவப் பார்த்தோம். மணப்பெண் திரும்பி நின்று, நீங்கள் வராவிட்டால் நான் ஓர் அடி வைக்கமாட்டேன் என்றார். சேறு படிந்த சப்பாத்தோடு கடைசி வரிசை வாங்குப் பலகையில் போய் இருந்தோம். மஞ்சள் கதவுக்காரனின் குழந்தை இடையில் வீரிட்டு அழுதது. பாதிரியார் நிறுத்திக் காத்திருந்தார். எனக்கு என் கல்யாண நாளில்கூட அவ்வளவு கண்ணீர் வரவில்லை.

பின்னேரம் அதே வீட்டில் கோப்பி. வீடு நிறைய ஆட்கள். எங்கள் கோவைக்காரி சுவரோடு சாய்ந்து நின்று, பச்சைக் கதவுக்காரரிடம் மரக் கதவுகளுக்கு என்ன சாயம் பூசுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். பாதி ஆங்கிலம், பாதி கை. நான் வந்து கூப்பிட்டபோது, "இருங்கக்கா, பேசிட்டிருக்கேன்ல" என்றாள். இப்போது அவள் லில்லெஸ்ட்ரோம் என்ற பக்கத்து ஊருக்குக் குடிபோய்விட்டாள், அங்கே ஒரு கடையில் வேலை, நாள் முழுக்க நோர்வே மொழியில் பேச்சுத்தான்.

நீலக் கதவு வீட்டுக்கு நான் இப்போதும் போய்வருகிறேன். போகும்போது இடியப்பம் கொண்டுபோவேன், வரும்போது லெஃப்சே வரும். அந்த அம்மா கதை சொல்லும் ஒவ்வொரு முறையும் பனிக்குவியல் இன்னும் கொஞ்சம் உயர்ந்துகொண்டு போகிறது, மாப்பிள்ளை திருத்துவதில்லை, நானும் திருத்துவதில்லை.

யாரிடமாவது உதவி கேட்க வேண்டியிருந்து, என்ன நினைப்பார்களோ என்று கை தயங்கும்போதெல்லாம், அந்தச் சனிக்கிழமை நான் தட்டியபோது கதவைத் திறந்தவர்களில் ஒருவர்கூட நீ யார் என்று என்னைக் கேட்கவில்லை என்பதை நினைத்துக்கொண்டு தட்டிவிடுகிறேன்.